நாங்க ரெண்டு பேர்தான்

இளமையின் விலை பதினோராயிரத்து ஐந்நூறு யென். நான் வைத்த விலை இல்லை, ரயில்காரர்கள் வைத்தது. விடுமுறை நாட்களில் ஊர் சுற்றும் மாணவர்கள் வாங்குகிற அந்தச் சீட்டின் பெயரிலேயே இளமை இருக்கிறது. அதில் ஐந்து கட்டங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டம். காலையில் முத்திரை குத்தி வாங்கிவிட்டால் நள்ளிரவு வரை சாதாரண ரயில் எதிலும் ஏறலாம். ஒரே சீட்டில் இரண்டு பேர் போனால் இரண்டு முத்திரை. இந்த விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது அந்த டிரையரில் இன்னொரு நூறு யென் போடுங்களேன். ஒருத்தன் துணி காய்வதில் ஏழு பேர் குளிர் காய்கிறோம். விடுதியில் இதைவிட லாபமான வியாபாரம் கிடையாது. சரி... விளக்கை அணைத்துவிடுங்கள்.

இது என் அறைத்தோழன் பில்தேயின் பெரியப்பா மகன் மன்சிக்குக்கு நடந்தது. பில்தே இதோ உட்கார்ந்திருக்கிறான். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் அவனே வாயை மூடச் சொல்லட்டும்.

மார்ச் முப்பத்தொன்று. விடியற்காலை நாலரை மணி. மலைக்குள் ஒற்றைச் சாலை... இரண்டு பக்கமும் இடுப்பளவு பனி. விளக்கு இல்லை, வண்டி இல்லை. மன்சிக் முன்னால் நடக்கிறான். இரண்டு வயது இளையவன் கியுதே பின்னால் வருகிறான். இருவரும் நம்மைப் போலவே கொரியாவிலிருந்து உதவித்தொகையில் ஒக்கயாமாவுக்குப் படிக்க வந்தவர்கள். மலைக்குள் இலவச வெந்நீர் ஊற்று இருக்கிறதென்று கேள்விப்பட்டுக் குளிக்கப் போனவர்கள்.

உதவித்தொகைக்காரர்கள் மாதக் கடைசி நாளன்று மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரியில் கியுதே தூங்கிக் கோட்டை விட்டிருந்தான். இந்த மாதமும் விட்டால் உதவித்தொகை ரத்து, படிப்பு போச்சு, ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். உசுதானி நிலையத்தில் முதல் ரயில் ஐந்து பத்துக்கு. அதை விட்டால் அடுத்தது பகல் ஒன்றரைக்கு. அது ஒக்கயாமா போய்ச் சேர மாலை ஆறரை ஆகிவிடும்.

மன்சிக்குக்கு எரிச்சல் முந்தின நாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. ஒக்கயாமாவில் கிளம்பும்போது ரயில் நிலைய வாயிலில் நின்ற ஊழியர் சீட்டை வாங்கி... டப். டப். டப். மூன்று முத்திரை.

"என்ன சார் இது? நாங்க ரெண்டு பேர்தான்!"

ஊழியர் அவர்களுக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்தார். குனிந்து மன்னிப்புக் கேட்டார். குத்தியதை எடுக்க வழியில்லை என்றார். மறுபடியும் குனிந்தார். எதிராளி குனிந்துகொண்டே இருந்தால் யாரோடு சண்டை போடுவது? போக இரண்டு, வர இரண்டு, மிச்சக் கட்டத்தை வகுப்புத் தோழியிடம் தள்ளிவிடலாம் என்று போட்டிருந்த திட்டம் வாசலிலேயே போயிற்று.

ரயிலில் கூட்டம் குறையக் குறைய ஆரஞ்சுத் தோல் வாசனை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அப்போதுதான் உரித்த மாதிரி...

"டேய், தனியா வச்சுத் திங்கறியே, ஒரு சுளை குடுத்தா கொறஞ்சா போயிடுவே?"

"நல்லா இருக்கே! நீங்க தின்னுட்டு என்னைக் கேக்கறீங்களாண்ணே?"

இரவு தங்கிய விடுதியில் மூன்று மெத்தை விரித்திருந்தது. இருட்டோடு கிளம்பும்போது மூன்று பேருக்குச் சாப்பாட்டுப் பணம் கேட்டார்கள்.

"நாங்க ரெண்டு பேர்தாங்க!"

"மூணு கிண்ணமும் காலியாத்தானே வந்துச்சு, தம்பி?" என்றார் விடுதிக்காரர்.

கொடுத்துத் தொலைத்துவிட்டு வந்த கோபத்தில்தான் மன்சிக் அந்தச் சாலையில் நடந்தான். "ரெண்டு கிண்ணம் தின்னா தின்னேன்னு சொல்லேண்டா." கியுதே தின்னவே இல்லை என்று சத்தியம் செய்தான்.

பனியில் கால் புதையும் சத்தம். கறுக்... கறுக். மன்சிக் நின்றான். கியுதேயும் நின்றான். அதற்கப்புறம் இன்னும் ஒரு அடி.

கறுக்.

"காலைத் தேய்க்காம நடடா," என்றான் மன்சிக். திரும்பிப் பார்க்கவில்லை.

நிலையத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு வாசனை. ஒரே ஊழியர். வெள்ளைக் கையுறையோடு சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கட்டம் ரெண்டுதான் இருக்கு. ஆள் மூணு. ஒருத்தருக்குத் தனியா டிக்கெட் எடுத்துடுங்க."

"ஐயோ... நாங்க ரெண்டு பேர்தான் சார்! நீங்களே எண்ணுங்க!"

இங்கே ரயில்காரர்கள் எதையும் விரல் நீட்டி, வாய்விட்டுச் சொல்லித்தான் சரிபார்ப்பார்கள். அவரும் விரலை நீட்டினார். மன்சிக்கைக் காட்டி, "ஒண்ணு, சரி." கியுதேயைக் காட்டி, "ரெண்டு, சரி." விரல் கியுதேயின் தோளுக்குப் பின்னால் நகர்ந்து நின்றது. "மூணு... சரி."

இருவரும் திரும்பினார்கள். பின்னால் காலி பெஞ்சு.

மணி ஐந்து ஏழு. வெளியே ஒற்றைப் பெட்டி ரயில் உறுமிக்கொண்டு நின்றது. கியுதேக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, இதை விட்டா என் படிப்பே போச்சு!" ஒக்கயாமா வரை மூன்றாவது டிக்கெட் எடுக்க அவர்களிடம் பணம் போதாது. வாதாட நேரமும் இல்லை. மன்சிக் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சரி சார். அந்த மூணாவது ஆளுக்கு அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ஒரு டிக்கெட் குடுங்க."

நூற்று நாற்பது யென். ஊழியர் கொடுத்தார். சீட்டில் இரண்டு முத்திரை குத்தினார். "அப்போ ஹினோசேல ஒருத்தர் கண்டிப்பா எறங்கணும்."

"எறக்கி விட்டுடறேன் சார். என் பொறுப்பு."

பெட்டியில் வேறு யாரும் இல்லை. கியுதே ஜன்னலோரம், மன்சிக் பக்கத்தில். இருக்கைக்கு அடியிலிருந்து சூடு வந்து கெண்டைக்காலைச் சுட்டது. இரவெல்லாம் சரியான தூக்கம் இல்லை. மன்சிக் ஒரு நிமிடம்தான் கண் மூடியிருப்பான்...

புஸ்ஸ்.

கதவு திறந்தது. குளிர் உள்ளே பாய்ந்தது. யாரோ அவன் முழங்காலை உரசிக்கொண்டு கடந்து போனார்கள். கதவு மூடியது. வண்டி நகர்ந்தபோது பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. ஹினோசே.

மன்சிக் சட்டைப் பையைத் தடவினான். அந்தச் சின்ன டிக்கெட் இல்லை. ஜன்னலோரம் கியுதே கோட்டுக் குல்லாவை இழுத்துவிட்டு, முகக்கவசத்தோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மகரந்தத் தூசியால் தும்மல் வருகிற காலம், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள்.

"ஒழிஞ்சுதுடா சனியன்," என்றான் மன்சிக்.

கியுதே தலையாட்டினான்.

ஆரஞ்சுத் தோல் வாசனை மட்டும் இறங்கவில்லை.

ஒக்கயாமாவில் வெளியே வரும்போது வாயில் ஊழியர் சீட்டைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். "ரெண்டு பேர். நன்றிங்க." மன்சிக்குக்கு அவர் காலில் விழலாம் போல் இருந்தது. நேராக அலுவலகம். மன்சிக் கையெழுத்துப் போட்டான். "பரவாயில்லையே, இந்த மாசம் எழுப்பிவிட ஆள் கெடைச்சுதா?" என்று அங்கிருந்த அம்மா சீண்டினார். கியுதே குனிந்து வணங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

இருவரும் அறைக்கு வந்ததும் மன்சிக் அடுப்பில் தண்ணீர் வைத்தான். பன்னிரண்டு பத்துக்குக் கைப்பேசி அடித்தது. எண் இல்லை. 'பொதுத் தொலைபேசி' என்று மட்டும் காட்டியது.

"அண்ணே! இந்த மலையில என் போனுக்கு சிக்னலே கெடைக்கல. ஏழு மணி நேரமா எதிர்ல இருக்கற கடை திறக்குமான்னு உக்காந்திருக்கேன். இப்பதான் சில்லறை கெடைச்சுது."

"...யாரு?"

"கியுதேண்ணே! ஹினோசேல இருக்கேன். ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? கண்ணைக்கூடத் தெறக்காம டிக்கெட்டை என் கையில திணிச்சு, 'எறங்குடா, உனக்கு இது வரைக்கும்தான்'னு நீங்கதானே சொன்னீங்க? நானும் தூக்கக் கலக்கத்துல எறங்கிட்டேன். அடுத்த வண்டி ஒன்றரைக்குத்தான். கையெழுத்து... போச்சாண்ணே?"

"போட்டாச்சுடா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போட்டாச்சா? யாரு போட்டா?"

காசு விழும் சத்தம். தொடர்பு அறுந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. மன்சிக்கின் முதுகுக்குப் பின்னால், ஹினோசேக்கு அப்புறம் முதல் தடவையாக ஒரு குரல் கேட்டது.

"போன்ல யாருண்ணே?"

உசுதானியில் ஏறியது மூன்று. ஹினோசேயில் இறங்கியது ஒன்று. ஒக்கயாமா வந்து சேர்ந்தது இரண்டு. கையெழுத்தும் இரண்டு.

கணக்கு சரியாக இருக்கிறது.