மேசைக்கடியில் ஒரு பொத்தான்

என் பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம் ஆகியவை தாங்கள் மேலே குறித்துக்கொண்டபடி சரியே. தெருவில் எல்லோரும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் தொழில் செய்து வருகிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. பின்னால் ஒரு படுக்கையறையும் சமையலறையும் உண்டு. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள், பல் மருத்துவர், வேறு ஊரில் குடும்பத்துடன் இருக்கிறாள்.

நான் தனியாக இருப்பதில் என் மகளுக்குப் பெரிய கவலை. தன்னோடு வந்து இருக்கும்படி அவள் பல தடவை கூப்பிட்டும் நான் போகவில்லை. அதன் பிறகு சென்ற வருடம் அவளே ஆட்களை அழைத்து வந்து வீட்டுக்கு அலாரம் வைத்தாள். ஒவ்வொரு கதவிலும் ஒரு கருவி, வாசலுக்கு மேல் கேமரா, கூரையில் சைரன், தையல் மெஷின் மேசைக்கு அடியில் ஆபத்துக்கு அமுக்க ஒரு பொத்தான். எது அடித்தாலும் அவள் கைபேசிக்குத் தகவல் போகும். இவ்வளவும் இருந்தும் ஒரு தடவை ஏதாவது நடந்துவிட்டால், கடையைப் பூட்டிவிட்டு நான் அவளோடு கிளம்பிவிட வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். நானும் மறு பேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டேன்.

மேற்படி அலாரத்தை நான் சரியாகப் பயன்படுத்தினேனா என்று தாங்கள் கேட்டதற்குப் பதில், இல்லை. கடை என்றால் பகலெல்லாம் கதவு திறந்துதான் இருக்கும். ஆகவே வாசல் கருவியைப் பகலில் அணைத்து வைத்திருப்பேன். கேமராவைத் தாங்கும் இரும்புப் பிடி ஹாங்கர் மாட்ட வசதியாக இருந்ததால் அதில் துணிகளை மாட்டி வந்தேன். சம்பவத்தன்று கேமராவில் பதிவானது பக்கத்து வீட்டு டிரைவருடைய பேன்ட்டின் பின்பக்கம் மட்டுமே என்று தாங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொத்தானை வைத்த ஆள் சரியாக என் முழங்கால் இடிக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் காலை மாற்றி வைத்தாலே போதும், சைரன் ஊரைக் கூட்டும். முதல் வாரம் நிஜமாகவே ஊர் கூடியது. அதன் பிறகு யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் போன் செய்து, முழங்காலா என்று கேட்பாள். ஆமாம் என்பேன். அடுத்ததாகத் தன் வெள்ளைக் கோட் என்னாயிற்று என்பாள். நாளைக்கு என்பேன். அந்தத் துணியை அவள் கொடுத்து வெகு காலம் ஆகிறது. மற்றவர்களுக்கும் அதே கதைதான். அந்த டிரைவர் தன் மகள் கல்யாணத்துக்குப் போட அந்தப் பேன்ட்டைக் கொடுத்தார். கல்யாணம் முடிந்து பேத்தியும் நடக்கத் தொடங்கிவிட்டாள், பேன்ட்டுக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை.

சம்பவத்தன்று நான் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, தற்போது தங்கள் காவலில் இருக்கும் நபர் கையில் பேன்ட் துணியோடு வந்தார். அளவு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அவருடைய முகத்தை விவரிக்கச் சொன்னால் எனக்கு வராது. நான் முகத்தைப் பார்ப்பவன் அல்ல. ஆனால் இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் குட்டை, நின்றால் இடுப்பு ஒரு பக்கம் சாயும் என்பதை எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். அதன் பிறகு பாத அளவுக்காக நான் குனிந்து மண்டியிட்டபோது, அவர் வெட்டு மேசையில் இருந்த என் பெரிய கத்திரியை எடுத்து என் கழுத்தருகே வைத்து, சத்தம் போடாமல் பீரோ சாவியைக் கொடுக்கும்படி சொன்னார்.

தலை சுற்றுகிறது, உட்கார வேண்டும் என்றேன். மெஷின் ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்து, அலாரம் வந்த பிறகு முதன்முறையாக வேண்டுமென்றே முழங்காலால் பொத்தானை இடித்தேன். சைரன் அலறியது. எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலுக்கு வந்தது திறந்திருந்த வாசல் வழியே எனக்குத் தெரிந்தது. வந்தவர், சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மேற்படி நபர் முதலில் பதறினார். யாரும் வரவில்லை என்று கண்டதும் சைரனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

அதன் பிறகு மகளிடமிருந்து போன் வந்தது. எடுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ, போனை வெளியே கேட்கும்படி வைத்து, வழக்கம்போலப் பேசும்படி சொன்னார். இப்படிப்பட்ட சமயத்துக்கென்றே என் மகள் எனக்கு ஒரு சங்கேத வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தாள். பச்சைக் குடை என்று பேச்சில் எங்காவது சேர்த்துவிட வேண்டும். அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. எல்லாம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் வந்தது.

"அப்பா, முழங்காலா?" என்றாள்.

"ஆமாம்மா, முழங்கால்தான்."

"கொஞ்சம் பார்த்து உக்காரக் கூடாதா? சரி, என் கோட் என்னாச்சு?"

கத்திரியின் நுனி என் விலாவில் இருந்தது. நாளைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. என் பிள்ளையிடம் நான் பேசும் கடைசிப் பேச்சு இதுவாக இருந்தால், அதிலும் நாளைக்கு என்று சொல்ல எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. அவள் கேட்டது கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமாவது அவளுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"கோட் ரெடிம்மா. காஜா எடுத்து, அயர்ன் பண்ணி மாட்டி வச்சிருக்கேன்" என்றேன்.

"சரிப்பா. ரொம்ப சந்தோஷம். நீங்க வேலையைப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். அவள் எதையும் புரிந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. சந்தோஷம் என்றாளே, அது போதும் என்றுதான் இருந்தது.

பீரோ சாவி சட்டைப் பொத்தான் டப்பாவுக்குள் இருந்தது. டப்பாவைக் கவிழ்த்து மெதுவாகத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது டிரைவர் உள்ளே வந்து தன் பேன்ட் என்னாயிற்று என்று கேட்டார். மேற்படி நபர் உடனே என் பக்கத்தில் நெருங்கி, கத்திரியைத் தன் துணிக்கு அடியில் மறைத்துக்கொண்டு வாடிக்கையாளர் போல நின்றார். டிரைவர் போகவில்லை. வெட்டு மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் பின்னாலேயே டீச்சர் வந்து ஜன்னல் திரையைக் கேட்டார். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்து மேலங்கியைக் கேட்டார். இப்படியே ஒவ்வொருவராக வந்து, கடையில் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. என் மகள் டிரைவருக்குப் போன் செய்ததும், அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்ததும், டீச்சர் தங்கள் நிலையத்துக்குத் தகவல் கொடுத்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். யாரும் சத்தம் போடக் கூடாது, துணி கேட்க வந்த மாதிரி வர வேண்டும் என்பது டிரைவர் போட்ட திட்டம். முதலில் நடிப்பாகத்தான் கேட்டார்கள். போகப் போகச் சிலர் வந்த வேலையை மறந்து நிஜமாகவே என்னைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

இந்த நெரிசலில் மேற்படி நபர் அசையக்கூட வழியின்றி வியர்த்து நின்றார். அப்போது டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வகுப்பில் பிள்ளைகள் கையிலிருந்து எதையாவது வாங்கி வைக்கும் அதே தோரணையில் கையை நீட்டி, "அதை இப்படிக் குடு" என்றார். அவரும் கொடுத்துவிட்டார். அதன் பிறகு டிரைவர் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, தாங்கள் வரும் வரை தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். பொருள் எதுவும் போகவில்லை. எனக்கு விலாவில் ஒரு கீறல் தவிர வேறு காயம் இல்லை.

சாயங்காலத்துக்குள் என் மகள் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். உடம்பு முழுவதையும் தடவிப் பார்த்தாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, நாளைக்கு என்று சொல்லாமல், ஒரு துணியை முடித்து அயர்னும் செய்து வைத்திருப்பதாக நான் சொன்னால் அது நானாகச் சொன்னதாக இருக்காது என்றும், ஊரே சொன்னாலும் தான் அதை நம்பியிருக்க மாட்டேன் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் கொடுத்த வாக்குப்படி மறுநாள் காலை துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்தேன். அவள் அதைத் தூக்கி மறுபடி உள்ளே வைத்தாள்.

"எங்க அபார்ட்மென்ட்ல உங்ககிட்ட துணி கொடுத்துட்டு காத்திருக்கறவங்க யாருமே இல்லையேப்பா" என்றாள்.

எனக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பொத்தானை மேசையின் மறுபக்கம் மாற்றி வைத்துவிட்டுப் போனாள். கேமராவில் எதையும் மாட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். இப்போது சைரன் அடிப்பதில்லை. ஆனாலும் தினமும் போன் செய்து, கோட் ரெடியா என்று கேட்கிறாள். இன்னும் இல்லம்மா என்கிறேன். சரிப்பா என்று நிம்மதியாக வைத்துவிடுகிறாள். கத்திரி வழக்குப் பொருளாகத் தங்களிடம் இருக்கிறது. அதைத் திருப்பித் தர அவசரம் எதுவும் இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். யாரும் சொல்லிக் கொடுத்து நான் சொல்லவில்லை. இதில் உள்ளது அனைத்தும் உண்மை. கோட் ரெடி என்று என் மகளிடம் சொன்னது ஒன்று மட்டுமே பொய்.

(ஒப்பம்)
தையல்காரர்

என் முன் சொல்லி, என்னால் எழுதப்பட்டது.
(ஒப்பம்)
காவல் ஆய்வாளர்