மட்டி பிடித்த படகு

படகைத் தண்ணீரில் இறக்குமுன் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும், ஐயா. சின்ன வேலைதான். நாவற்குடாக் கரையில் அதை ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

சண்டை முடிந்து, வாவியைச் சுற்றிப் பார்க்க வெளியாட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். சவாரிப் படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். ஏதோ தூரதேசத்துக் கறுப்பு மட்டிச் சிப்பி கப்பல்களில் ஒட்டிக்கொண்டு பரவுகிறதாம். வாவிக்குள் புகுந்தால் எஞ்சின், வலை, வலை கட்டுகிற தடி எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளுமாம். அது வராமல் பார்க்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். பக்கத்துக் கல்குடாவிலிருந்து வந்த படகைக்கூடக் கழுவாமல் இறக்க விடமாட்டேன். "ஜெயராஜா இருக்கிறவரைக்கும் வாவிக்குப் பயமில்ல" என்று சனம் சொல்லும். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு நானே திருகோணமலையில் ஒரு பழைய படகு வாங்கினேன். லொறியில் வந்திறங்கியபோது ஒரு கூட்டம் சவாரிக்குக் காத்துக்கொண்டு நின்றது. படகின் அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததைக் கண்டேன். நாளைக்குச் சுரண்டலாம் என்று இறக்கிவிட்டேன். அந்த நாளை வரவில்லை.

மாரி முடிந்து கரையேற்றிக் கட்டைகளின்மேல் நிறுத்தியபோது, அடி முழுக்க மட்டி. அதைக் கண்டவர் மீன்பிடிக்கிற கோணாமலை அண்ணன் ஒருவர்தான். சுனாமியன்று என் மகள் டினுஷாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தவர் அவர். தன் மகனை அவரால் பிடிக்க முடியவில்லை.

"தம்பி, என்ட வலைத்தடி எல்லாத்திலயும் இதுதான் புடிச்சிருக்கு. உன்ட போட்டிலதானா வந்த?"

"ஓம் அண்ணே."

"சரி, சங்கத்துல நீயே சொல்லிரு. மறுகா எல்லாருமாச் சேந்து சுரண்டுவம். இதுக்கென்ன வெக்கம்?"

சொல்லிவிட்டு, நான் கேளாமலே ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு படகின் அடியில் படுத்துச் சுரண்டத் தொடங்கினார். தன் பக்கத்தை அவர் சுரண்டி முடிக்கும்போது ஈர மணலில் கட்டை வழுக்கியது. படகு சரிந்து அவருடைய நெஞ்சின்மேல் அமர்ந்தது. கட்டையை நான் தட்டவில்லை, ஐயா. அது உண்மை.

"ஆக்களக் கூப்பிடு தம்பி" என்றார். அவருக்கு அப்போது நல்ல நினைவு இருந்தது. றோட்டுக்கு அந்தப் பக்கம் சாலிஹின் தேத்தண்ணிக் கடை. கூப்பிட்டால் ஓடிவர எப்போதும் ஆட்கள் இருப்பார்கள்.

நான் முதலில் மணலில் கிடந்த மட்டியைப் பொறுக்கினேன். ஒன்று உருண்டு தண்ணீருக்குள் போனாலும் வாவி கெட்டுவிடும் என்று நினைத்தேன். பொறுக்கி முடித்து, படகின் வெளியே தெரிந்த மறுபக்கத்தையும் சுரண்டினேன். எல்லாவற்றையும் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன். அதற்குப் பிறகுதான் கடைக்கு ஓடினேன்.

படகைத் தூக்கியபோது அண்ணன் உயிரோடு இல்லை. சுத்தமான படகைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். செத்தவீட்டில் அவருடைய மனைவி அன்னப்பூரணியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது பக்கத்துல நிண்டியே மனே, அவரு தனியப் போகல்ல" என்று அழுதார். நானும் அழுதேன். அந்தக் கையை எங்கே வைப்பதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வாவிக்காகச் செய்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அவருடைய வலைத்தடிகளில் மட்டி பிடித்திருந்தது எனக்குத் தெரியும். காப்பாற்ற அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிடத் தொடங்கினார். அந்தக் குரல் கடைவரைக்கும் கேட்டிருக்கும். ஆகவே படகு கழுவுகிற மோட்டரைப் போட்டேன். அது நல்ல சத்தம் போடும். அது ஓடும்போது கழுவுவதற்கென்று கையில் குழாயைக்கூட நான் எடுக்கவில்லை.