அடுப்படிக்கு ரெண்டு வாசல்

“அடுப்படிக்கு ரெண்டு வாசல் வச்சிருக்கேன்க்கா. ரெண்டு கதவும் வெளிய பாத்துத் தொறக்கும்.”

விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை முடிந்து பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் இருந்தார்கள். சொன்னது இளையவள்.

“நம்ம கம்பெனி ரூம் மாதிரியா?” என்றாள் மூத்தவள்.

“ஆமாக்கா. அலமாரிக்கு எடம் பத்தாதுன்னு கொத்தனாரு சிரிச்சாரு. பாத்திரத்த எங்கிட்டும் வச்சுக்கிடலாம், தீப்பிடிச்சா ஓட வழி வேணும்னு சொல்லிட்டேன்.”

“ஒங்க அத்த ஒண்ணும் சொல்லலையா?”

“மொதல்ல மொகத்தத் தூக்கி வச்சிருந்தாக. இப்ப வாசல்ல யாரும் கொடத்த வச்சா, வழிய மறிக்காதீகன்னு அவுகதான் சத்தம் போடுறாக.”

“கெட்டிக்காரிதான்டி நீ” என்றாள் மூத்தவள். “எங்க வீட்டுல ஒத்தக் கதவு. அதுவும் உள்ள பாத்துத்தான் தொறக்கும். இத்தன வருசமா அங்கன நின்னுதான் பொங்கிக்கிட்டு இருக்கேன். அந்தக் கொத்தனார வரச் சொல்லு.”