டீச்சர் பக்கத்து பிரேக்

— கண்ணாடியைச் சரி பண்ணினீங்களா மாஸ்டர்?

— டீச்சர், உங்களுக்குப் பனிக்குடம் உடைஞ்சிருக்கு.

— அது எனக்குத் தெரியும். சீட்டெல்லாம் நனைஞ்சு கிடக்கு. கண்ணாடியைச் சரி பண்ணினீங்களான்னு கேட்டேன்.

— பண்ணிட்டேங்க.

— பெல்ட்டு?

— போட்டாச்சு. உங்களுக்குத்தான் எட்டலை.

— வயித்துக்குக் கீழே விட்டுப் போட்டுக்கிறேன். கிளட்சை மிதிங்க. கியரைப் போடுங்க. இப்போ மெதுவா விடுங்க... மெதுவா! மாவு பிசையற மாதிரி குத்தாதீங்க, இது உங்க பேக்கரி இல்லை.

— இன்னொரு தடவை டாக்சிக்குப் போன் போட்டுப் பார்க்கட்டுங்களா?

— அவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு நிக்கிறான். ஆம்புலன்ஸ் அவனுக்கும் பின்னாடி நிக்குதாம். அவங்க வர்றதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடமே போயிடும். ஓட்டுங்க.

— எனக்கு லைசென்ஸ் இல்லைங்களே.

— பழகறவங்க லைசென்ஸ் இருக்கு. பக்கத்துல சொல்லிக்கொடுக்க நான் இருக்கேன். என் காலடியில தனியா ஒரு பிரேக் இருக்கு. வேற என்ன வேணும் உங்களுக்கு?

— அதைப் பத்தித்தாங்க... நேத்து மெக்கானிக் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது ஒண்ணு சொன்னாரு...

— மெக்கானிக் புராணத்தை அப்புறம் பாடுங்க. இடது பக்கம் திரும்பணும், கையைக் காட்... யோவ்!

— என்னங்க?

— நிறுத்துய்யா! ஆ... அம்மா... நின்னுடுச்சு. நானே மிதிச்சுட்டேன். பேசாம இரு.

— வலிங்களா?

— இல்லை, பொழுதுபோக்கு.

— மூச்சை உள்ளே இழுங்க. பிரசவ வகுப்புல சொன்னாங்களே, பூவை மோந்து பார்க்கற மாதிரி...

— பூவைச் சொன்னவளை முதல்ல இங்கே கூட்டிட்டு வா. ம்ம்... போயிடுச்சு. கிளம்புங்க மாஸ்டர்.

— 'யோவ்'னா வலின்னு எடுத்துக்கலாங்களா?

— எடுத்துக்கோங்க. வலி வந்தா கால் தானா பிரேக்குக்குப் போயிடுது. என்ன பண்றது, பழக்க தோஷம். மெக்கானிக் நல்லாத்தான் பண்ணியிருக்கான், முன்னாடி மாதிரி இல்லை, கால் வச்சாலே லேசா இறங்குது.

— ஆமாங்க டீச்சர்.

— ரோட்டைப் பாருங்க! என் காலை என்ன பார்வை?

— வீங்கியிருக்குங்க.

— அது மாசக்கணக்கா வீங்கித்தான் கிடக்கு. ரோடுதான் உங்களுக்குப் புதுசு.

— ஒண்ணு கேட்கட்டுங்களா? இன்னைக்கு ஒரு நாளாவது இந்த 'நீங்க, டீச்சர்' எல்லாம் விட்டுடலாமே. பிள்ளை பெறப் போறோம்.

— நான்தான் பெறப் போறேன். வீட்டுலதான் நான் உங்க பொண்டாட்டி, வண்டியில ஏறினா டீச்சர். கல்யாணத்தன்னைக்கே பேசி முடிச்ச விஷயம். மூணு தடவை டெஸ்ட்ல தோத்தீங்களே, ஏன்னு தெரியுமா?

— பதட்டங்க.

— பதட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆபத்துன்னா டீச்சர் மிதிப்பாங்கன்னு காலை ஓரமா வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. டெஸ்ட் எடுக்கற ஆபீசர் பக்கத்துல பிரேக் இல்லை. கடைசியில கம்பம்தான் உங்களை நிறுத்துச்சு.

— அந்தக் கம்பம் ரோட்டுக்கு ரொம்ப உள்ளே...

— கம்பத்தைக் குத்தம் சொல்லாதீங்க. லாரி! ரிவர்ஸ்ல வர்றான், முன்னாடி இருக்கற லாரி ரிவர்ஸ்ல வர்றான் பாருங்க! யோவ்!

— நின்னுடுச்சுங்க டீச்சர்.

— ஹப்பா. ஒரு முழம் கூட இல்லை. நான் மட்டும் மிதிக்கலைன்னா மூணு பேரும் லாரிக்கு அடியில.

— ஆமாங்க.

— உங்க நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு.

— அடுப்படி வேலை பார்த்துப் பார்த்து எப்பவும் வேர்க்கும்ங்க. இந்த 'யோவ்' வலிக்கா, லாரிக்கா?

— ரெண்டுக்கும். கை கொடு. இல்லை வேண்டாம், கையை ஸ்டியரிங்ல வை. அய்யோ... இடுப்பைப் பிடிச்சுப் பிழியுதே...

— பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க டீச்சர்.

— அடிக்கட்டும். பழகற வண்டின்னு பின்னாடி எழுதியிருக்கு, எனக்கும் இது பழக்கமில்லாத வேலைதான்.

— அதோ அந்த சைக்கிள்காரர் நம்மளை ரெண்டாவது தடவையா முந்தறாரு. நடுவுல கடைக்கு வேற போயிட்டு வந்தாரு.

— போட்டியா வச்சிருக்கு? கிளம்புங்க. அதோ ஆஸ்பத்திரி கேட்டு. உள்ளே விட்டு, கோட்டுக்குள்ள நேரா நிறுத்துங்க.

— வாசல்லயே இறக்கி விட்டுடறேனே.

— கோட்டுக்குள்ள.

— நிறுத்திட்டேங்க. நேரா இருக்குங்களா?

— இருக்கு. இதை டெஸ்ட்ல பண்ணித் தொலைச்சிருக்கலாம்.

— இறங்குங்க டீச்சர். கையைப் பிடிச்சுக்கோங்க.

— இறங்க மாட்டேன்.

— என்னாச்சு?

— பயமா இருக்கு மாஸ்டர்.

— இவ்வளவு தூரம் வந்துட்டோம்.

— இவ்வளவு தூரம் என் காலுக்குக் கீழே பிரேக் இருந்துச்சு. எத்தனை பேரு கையில வண்டியைக் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன்! ஒரு நாளும் பயந்ததில்லை. வேண்டாம்னா நிறுத்திடலாம். உள்ளே போனா நான் எதை மிதிச்சு நிறுத்துவேன்?

— நான் இருக்கேன்.

— நீங்களா? நிறுத்தத் தெரியாம மூணு தடவை தோத்த ஆளு.

— ஆமா. இருந்தாலும் இருக்கேன்.

— யோவ்...

— வலிங்களா?

— இல்லை. சும்மா சொன்னேன். தூக்கி விடுங்க.

*

— வாம்மா ராசாத்தி, இந்தக் கட்டில்ல படு. தம்பி, நீங்க மயக்கம் போட்டு விழற ஆளா?

— நான் பேக்கரியில வேலை பார்க்கறேன் சிஸ்டர்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— விழ மாட்டேங்க.

— நல்லது. தூக்கறதுக்கு இங்கே ஆள் இல்லை. காலை விரி ராசாத்தி, பார்க்கறேன்... அடியாத்தி, கர்ப்பப்பை வாய் முழுசா திறந்திருச்சே! இந்த நிலைமையில எப்படி வந்தீங்க?

— கார்ல சிஸ்டர். இவர் ஓட்டினாரு, நான் நிறுத்தினேன்.

— நல்ல குடும்பம். தம்பி, இப்படிப் பக்கவாட்டுல வந்து நில்லுங்க. ராசாத்தி, ஒரு காலை அவர் இடுப்புல ஊனிக்கோ. வலி வந்ததும் நல்லா மிதிச்சுக்கிட்டு முக்கணும்.

— யோவ்!

— என்னை ஏம்மா யோவ்ங்கிற?

— உங்களை இல்லைங்க சிஸ்டர். வலி வந்திருச்சுன்னு அர்த்தம்.

— அப்படியா? முக்கு! கீழே முக்கு, தொண்டையில முக்காதே. இன்னும்... இன்னும்... அவ்வளவுதான், விடு.

— என்னால முடியலை. வீட்டுக்குப் போறேன்.

— போலாம், இதை முடிச்சுட்டு. எல்லாரும் இந்த நேரத்துலதான் வீட்டைக் கேட்பாங்க. மறுபடியும் வருது பார், முக்கு!

— யோவ்! யோவ்! யோவ்!

— தலை தெரியுது! நிறைய முடி. நிறுத்து ராசாத்தி! இப்போ முக்காதே, அவசரப்பட்டா கிழிஞ்சிடும். வாயால ஊது.

— நிறுத்த முடியலை! அது பாட்டுக்கு வருது!

— முடியும். ஊது, ஊது.

— எனக்கு பிரேக் இல்லைய்யா! நான் எதைப் போய் மிதிப்பேன்?

— என்னை மிதிங்க டீச்சர். நல்லா அழுத்தி மிதிங்க. நிக்கும்.

— இது வண்டியா டீச்சர்னு கூப்பிட? பொண்டாட்டிய்யா நான்!

— சரிடி. மிதி. நான் நகர மாட்டேன். ஊது... அப்படித்தான்... நின்னுடுச்சு பார். நின்னுடுச்சு.

— தம்பி நல்லாத்தான் சொல்லிக்கொடுக்கறாரு. இப்போ மெதுவா, கொஞ்சமே கொஞ்சம் முக்கு... தோள் வந்திருச்சு... அவ்வளவுதான்! வந்தாச்சு, வந்தாச்சு. பொண்ணு!

— ஏன் அழலை? சிஸ்டர், ஏன் அழலை?

— அழுவா. முதுகைத் தேய்க்கறேன், கொஞ்சம் பொறு. ஏய் குட்டி... ம்ம்... கேட்டியா? இனி இவளை நிறுத்தறதுதான் கஷ்டம். நெஞ்சுல போட்டுக்கோ. தம்பி, நீங்க ஏன் அழறீங்க?

— இடுப்பு வலிக்குதுங்க.

*

— தூங்கிட்டாளா?

— தூங்கறா. பாரு, கையை எப்படி மூடி வச்சிருக்கா. கியரைப் பிடிச்ச மாதிரி. எனக்குச் சந்தோஷமா இருக்கு மாஸ்டர், கூடவே பயமாவும் இருக்கு.

— எனக்கும்தான்.

— நாளைக்கு வீட்டுக்குப் போகும்போது நீங்களே ஓட்டுங்க. நான் இவளை மடியில வச்சுக்கிட்டு என் பக்கத்து பிரேக்கைப் பார்த்துக்கறேன்.

— நாளைக்கு டாக்சியில போலாம்.

— ஏன்? அதான் என் கால் இருக்கே.

— மெக்கானிக் ஒண்ணு சொன்னாருன்னு சொன்னேனே, இப்போ சொல்லட்டுமா?

— சொல்லுங்க, இப்போ எனக்கு என்ன அவசரம்.

— உன் பக்கத்து பிரேக்குக்குப் போற கம்பி அறுந்துபோச்சாம். புதுசு வர ரெண்டு நாள் ஆகும்னு கழட்டி எடுத்துட்டாரு. நீ காலையில இருந்து மிதிச்சது வெறும் கட்டை.

— போய்யா. நான் மிதிச்ச போதெல்லாம் வண்டி நின்னுச்சே! லாரிகிட்ட நின்னுச்சே!

— அதான் ரோட்டைப் பார்க்காம உன் காலையே பார்த்துட்டு வந்தேன்.