டீச்சரோட இடது கால்

— இன்னொரு தடவை டேப்பைச் சுத்திப் பாருங்க தம்பி. தப்பா அளந்திருப்பீங்க.

— அளந்து அளந்து டேப்பே தேஞ்சுடும் டீச்சர். அடிபட்ட இடது காலோட தொடை போன மாசத்தைவிட மெலிஞ்சிருக்கு.

— அப்ப நான் தினமும் கால் தூக்கினதெல்லாம் வீணா?

— நெஜமாவே செஞ்சீங்களா?

— டான்ஸ் சொல்லிக்கொடுக்கறவகிட்ட கேக்கற கேள்வியா இது? பிராக்டீஸ்ல ஏமாத்தற பிள்ளைங்களை வெளிய நிக்க வைக்கறவ நான்!

— கோவிச்சுக்காதீங்க, புரியாமதான் கேக்கறேன். முட்டி ஜவ்வு பாதிதான் கிழிஞ்சிருக்கு, தொடைச் சதை பலமானா முட்டியைப் பிடிச்சுக்கும், கத்தியே வேண்டாம்னு டாக்டர்கிட்ட அடிச்சுச் சொன்னவன் நான்.

— அவர் வர்ற திங்கக்கிழமை ஆபரேஷன்னுட்டார். உங்க பிசியோதெரபி பலிக்கலையாம். எனக்குப் பயமா இருக்கு தம்பி. அதுக்கப்புறம் பழையபடி ஆட வருமா?

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். வலது தொடை மட்டும் எப்படி இப்படிக் கல்லு மாதிரி இருக்கு?

— அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு. அதை ஏன் குடையறீங்க?

— இந்த நாற்காலில உக்காந்து, வீட்டுல செய்யறதை அப்படியே செஞ்சு காட்டுங்க.

— இதோ, மணல் பையைக் கட்டியாச்சு. முட்டியை நீட்டி... தூக்கி... நிறுத்தி... மெதுவா இறக்கி. சரியா?

— ரொம்ப அழகு. ஆனா அது நல்ல கால் டீச்சர்!

— நல்ல கால்தான். நீங்கதானே அதைத் தூக்கச் சொன்னீங்க?

— நானா? அன்னிக்கு என் இடது காலைத்தானே தூக்கிக் காட்டினேன்?

— எனக்கு எதிர்ல உக்காந்து காட்டினீங்க.

— ஆமா, அதனால என்ன?

— எதிர்ல இருக்கறவங்க இடதைத் தூக்கினா நாம வலதைத் தூக்கணும். என் கிளாஸ்ல நான் இடது போட்டாத்தான் பிள்ளைங்க வலது போடும். காலங்காலமா அப்படித்தானே!

— அட கடவுளே. வலி இருக்கறது ஒரு கால்ல, பயிற்சி இன்னொரு கால்லன்னு சந்தேகமே வரலையா?

— நல்ல கால் பலமானா நொண்டிக் காலையும் சேத்துச் சுமக்கும்னு நானா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன்... ஐயையோ! என் புத்தி எங்க போச்சு? நான் தலையில அடிச்சுக்கறேன், நீங்க சிரிக்கறீங்களே!

— உங்களைப் பாத்துச் சிரிக்கலை. பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுக்காதது என் தப்பு. போனை எடுங்க, உடனே டாக்டரைக் கூப்பிடுவோம்.

— கூப்பிட்டு? திங்கக்கிழமை முடிவான விஷயமாச்சே, என்னன்னு சொல்வீங்க?

— பயிற்சி தோத்துப் போகலை சார், அந்தக் காலுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு.