நூறு மீற்றர் முன்னப் பின்ன

— இல்லைத் தம்பி, ரெண்டு வேண்டாம். ஒண்டு காணும். வள்ளத்துக்கும் அதுதான், வேட்டைக்கும் அதுதான்.

— அக்கா, வள்ளத்துக்கு எண்டு வாற ஜி.பி.எஸ் வேற, காட்டுக்கு எண்டு வாறது வேற. வள்ளத்தில பூட்டுறது பெரிசு, ஸ்கிரீனில கரையின்ர படமும் தெரியும். அதைக் கழுத்தில கட்டிக்கொண்டு மான் சுடப் போகேலாது.

— அவர் என்ன, மானுக்குப் பின்னால ஓடுற ஆளே? மரத்துக்குக் கீழ குந்திக்கொண்டு இருப்பார். மானா வந்து என்னைச் சுடு எண்டு நிண்டாத்தான் உண்டு.

— அப்ப அண்ணை இன்னும் ஒண்டும் சுடேல்லையோ?

— போன வருசம் ஒண்டு. நாலு பேர் சேர்ந்து சுட்டு, ஒரு கால் எங்கட பங்குக்கு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, மூண்டு மணித்தியாலம் அவிச்சன், பேந்தும் செருப்புத் தோல் மாதிரிக் கிடந்துது. எல்லாம் கனடா வந்தாப்பிறகு வேலைத்தலத்து வெள்ளையள் பழக்கினது. கோடையெண்டா தூண்டில், நொவெம்பர் வந்தா துவக்கு. மனுசன் வாய்விட்டுச் சிரிக்கிறது அங்க போய் வந்தாத்தான். அதால நான் மறிக்கிறேல்ல.

— எந்தப் பக்கம் போறவை?

— வள்ளம் ஜோர்ஜியன் பே ஏரியில. அது கூட வேலை செய்யிற ஒருத்தன்ர. வேட்டை பாங்குறொவ்ற் பக்கக் காட்டில. அங்கதான் போன வருசம் வழி தவறினவர். ஒரு பகலும் ஒரு இரவும். மற்ற நாள் மத்தியானம் ஒரு றோட்டுக்கரையில கண்டுபிடிச்சவங்கள். நான் போனுக்குப் பக்கத்தில இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். இந்தச் சாமான் கையில இல்லாமல் இனி அவரைக் கதவு தாண்ட விடமாட்டன். அடுத்த மாதம் திரும்பவும் வெளிக்கிடப் போறார்.

— அண்ணையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. கையில பிடிச்சுப் பாத்திருப்பார்.

— அவருக்குச் சொல்லேல்ல. சனிக்கிழமை பிறந்தநாள். சொன்னாலும் இந்தக் கடைக்கு வரமாட்டார். எங்கட அப்பார்ட்மென்ற் உதில, ரெண்டாவது லைற் தாண்டினா வந்திடும். எண்டாலும் மனுசன் தூண்டில் முள்ளு வாங்கவும் தூர இருக்கிற அஜக்ஸ் கடைக்குத்தான் ஓடுவார். அங்க சாமான் நல்லதாம். கேட்டியளே கதையை.

— சில பேர் அப்பிடித்தான் அக்கா. சரி, ஒண்டுதான் வேணுமெண்டா இதைப் பாருங்கோ. பன்ரெண்டு சற்றலைற்றை ஒரே நேரத்தில பிடிக்கும். பழைய சாமான் ஒவ்வொண்டாத்தான் தேடும். மரத்துக்குக் கீழ நிண்டா ஒண்டும் பிடிக்காது. இது இலைக்குக் கீழயும் ஓரளவு பிடிக்கும்.

— ஓரளவெண்டா?

— அடர்ந்த காடெண்டா, வானம் தெரியிற இடமாப் பாத்து வெளியில வந்து நிக்கவேணும். நான் ஒளிச்சு விக்கிறேல்ல.

— தண்ணிக்க விழுந்தா?

— மழை தாங்கும், அலை அடிச்சாலும் தாங்கும். ஆனா மிதக்காது. அங்க தட்டில இருக்கிற அந்த மஞ்சள் ஜி.பி.எஸ் மிதக்கும். ஆனா அது காட்டுக்க குருடு. ரெண்டுக்கும் ஒண்டெண்டு வாங்கினா எதையாவது விட்டுக்குடுக்கத்தான் வேணும் அக்கா. உள்ளுக்குக் காத்து அடைச்ச பை ஒண்டு இருக்கு, அதுக்குள்ள போட்டா இதுவும் மிதக்கும். பற்றறி நாலு. குளிருக்குக் கெதியா இறங்கிப்போம், காட்டில சட்டைக்குள்ள வைச்சிருக்கச் சொல்லுங்கோ. பட்டன் அமத்தேக்க கீச்செண்டு ஒரு சத்தம் வரும், அதை நிப்பாட்டலாம். மான் வெருளாது.

— நல்ல காலம். மானாவது நிம்மதியா நிக்கட்டும்.

— இன்னுமொண்டு. காட்டுக்குக் கொண்டு போற வரைபடம் ஒரு கணக்கில கீறினது, ஏரி வரைபடம் வேறொரு கணக்கில கீறினது. எதைப் பாவிக்கிறாரோ அதுக்குத் தக்க மாதிரி இதுக்குள்ள மாத்தவேணும். மாத்த மறந்தா தள்ளிக் காட்டும். நான் எழுதித் தாறன், பெட்டிக்குள்ள வைச்சுக் குடுங்கோ.

— இதென்ன, ஆள் விழுகிற மாதிரிப் படம் போட்ட பட்டன்?

— வள்ளத்தில இருந்து ஆரும் தண்ணியில விழுந்தா உடன அதை அமத்தவேணும். விழுந்த இடத்தை ஞாபகம் வைச்சுத் திரும்பக் கொண்டுபோய் விடும்.

— அந்த இடத்துக்கே?

— அந்த இடத்துக்கெண்டு... ஒரு நூறு மீற்றர் முன்னப் பின்ன நிக்கும்.

— நூறு மீற்றரோ? இவ்வளவு பெரிய சாமானுக்கு அதென்ன பிழை?

— சாமான்ர பிழை இல்லை. சற்றலைற் அமெரிக்கன் ஆமியின்ர. தங்கட ஆக்களுக்குச் சரியான இடத்தைக் காட்டும், எங்களை மாதிரி ஆக்களுக்கு வேணுமெண்டே கொஞ்சம் பிழையாக் காட்டும். எந்தக் கம்பனியில வாங்கினாலும் இதுதான்.

— சரியான இடம் தெரிஞ்சுகொண்டு, பிழையான இடத்தைக் காட்டுறது.

— ஓம், அப்பிடித்தான்.

— நூறு மீற்றர் உங்களுக்குச் சின்ன விசயம், என்ன தம்பி?

— ஏரியில அதுக்கெல்லாம் பயப்பிடத் தேவையில்லை அக்கா. கிட்டப் போனாக் கரை கண்ணுக்குத் தெரியும்தானே.

— கரை கண்ணுக்குத் தெரியுமாம். சட்டையில வின்சன்ற் எண்டு போட்டிருக்கு. எந்த ஊர் நீங்கள்?

— பேசாலை.

— மன்னார்.

— ஓம். ஏன் அக்கா, முகம் ஒரு மாதிரிப் போச்சு? இருங்கோ, கதிரை ஒண்டு கொண்டு வாறன்.

— கதிரை வேண்டாம். உங்கட ஊர்க் கரையிலதான் நாங்கள் வள்ளம் ஏறினனாங்கள். தொண்ணூறு, ஆவணி மாதம். நான், இவர், மகன். இவரைத் தேடி ஆமி ரெண்டு தரம் வீட்டை வந்திட்டுது. மூண்டாம் தரம் வந்தா ஆளைக் காணக் கிடையாது எண்டுதான் வெளிக்கிட்டது.

— அந்த நேரம் எத்தினையோ சனம் போனது அக்கா. விடுங்கோ. பற்றறி போட்டுக் காட்டட்டோ?

— போடுங்கோ. போட்டுக்கொண்டே கேளுங்கோ. இருட்டு. வள்ளம் ஓட்டினவன் தலையில துவாய் சுத்தியிருந்தான், நான் முகம் காணேல்ல. பேச்செல்லாம் இவரோடதான். விடியப்போற நேரம் இஞ்சினை நிப்பாட்டினான். இவர் பின்னுக்குப் போய் அவனோட குசுகுசுத்துப்போட்டு வந்து, இந்தியாக் கரை வந்திட்டுதாம், இறங்கட்டாம் எண்டார். முழங்கால் தண்ணி, பேந்து மணல். கும்பிட்டுக்கொண்டு இறங்கினன் தம்பி. வள்ளமும் போயிட்டுது. விடிஞ்சு பாத்தா, சுத்திவரக் கடல்.

— திட்டு.

— ஓம், மணல் திட்டு. உந்தக் கடையும் வெளியில கார் விடுற இடமும் சேர்ந்த அளவு. ஒரு மரமில்லை, நிழலில்லை. ஒரு போத்தில் தண்ணி.

— எத்தினை நாள் இருந்தியள்?

— மூண்டாம் நாள் காலமை இராமேஸ்வரத்து மீன்பிடி வள்ளம் ஒண்டு கண்டு ஏத்தினது. எங்கள் ரெண்டு பேரையும் ஏத்தினது.

— ரெண்டு பேரையோ?

— மகனுக்கு ஜனார்த்தன் எண்டு பேர். நாலு வயசு. முதல் நாள் முழுக்கத் தண்ணி, தண்ணி எண்டு கேட்டுக்கொண்டே இருந்தான். ரெண்டாம் நாள் பின்னேரம் கேக்கிறதை விட்டிட்டான். அப்பவே எனக்கு விளங்கிட்டுது.

— யேசுவே.

— என்ர சீலையில பாதியைக் கிழிச்சுச் சுத்தி, மணலுக்கதான் வைச்சம். அந்தத் திட்டு இப்ப இருக்கோ, கடல் கொண்டு போட்டுதோ தெரியாது.

— அக்கா, அந்தக் காலம் கடல் முழுக்க நேவி. லைற் அடிச்சுக்கொண்டு திரிவான், கண்டாச் சுடுவான். வள்ளம் ஓட்டினவங்களும் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டுதான்...

— ஊர்க்காரன் எண்டு பரிஞ்சு பேசாதேங்கோ. எனக்குப் பத்தியெரியுது. எங்கயாவது அவனைக் கண்டா ஒரே ஒரு கேள்வி கேப்பன். இருட்டில பிழைவிட்டு இறக்கினனியோ, திட்டெண்டு தெரிஞ்சு இறக்கினனியோ? எட்டு வருசமா எனக்கு நித்திரை இல்லாதது அந்த ஒண்டாலதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில நிண்டு சொல்லுறன், தெரிஞ்சு செய்திருந்தா அவன் பெத்ததும் தண்ணி கேட்டுக் கேட்டுச் சாகவேணும் எண்டு.

— பிள்ளையளைச் சொல்லாதேங்கோ அக்கா.

— என்ர பிள்ளையை ஆர் பாத்தது? இவர் எண்டா ஒரு நாளும் அவனை ஒரு சொல் பேசினதில்லை. நான் வாய் ஓயாமல் திட்டுவன். 'விடு யோகம், அவனும் பாவம்' எண்டு எழும்பிப் போயிடுவார். அப்பிடி ஒரு மனுசன். ரெண்டு நாளும் வெய்யிலுக்குக் குறுக்க நிண்டு பிள்ளைக்கு நிழல் குடுத்தவர், முதுகுத்தோல் உரிஞ்சுபோச்சு. அந்த மனுசனுக்குத்தான் இதை வாங்குறன். தான் எங்க நிக்கிறன் எண்டு அவருக்கே தெரிய வேணும். இனி ஒருத்தன்ர வாயை நம்பி அவர் ஒரு இடத்திலயும் இறங்கக்கூடாது.

— அண்ணைக்கு என்ன பேர்?

— பத்மநாதன். ஏன்?

— வவுனியாக் கச்சேரியில அரசாங்கக் கிளாக்கரா இருந்தவர். மெல்லிசு. கதைக்கேக்க கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் துடைப்பார்.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— அக்கா, நீங்கள் வீட்டை போங்கோ. இதை வேற கடையில வாங்குங்கோ. காசு கட்ட முதல் போயிடுங்கோ.

— எப்பிடித் தெரியும் எண்டு கேட்டனான்.

— வள்ளம் என்ர.

— என்ன சொல்லுறாய்?

— அந்த வள்ளம் என்ர அக்கா. அண்ணை மூண்டு நாள் எங்கட மீன் வாடிக் கொட்டிலில வந்து படுத்துக் கிடந்துதான் பேசி ஒழுங்கு பண்ணினவர். உங்களை நான் பாத்ததில்லை. நீங்கள் சீலைக்குள்ள எதையோ அணைச்சுக்கொண்டு முன்னுக்கு இருந்தனியள். பிள்ளை எண்டு தெரியும். ஆணோ பெண்ணோ எண்டும் தெரியாது. இண்டைக்குத்தான் பேரே தெரியும்.

— நீயோ.

— ஓம்.

— நீ இஞ்ச நிண்டு, ஆக்களுக்கு இடம் காட்டுற சாமான் விக்கிறாய்.

— தண்ணி தெரிஞ்சவன் எண்டு வேலை தந்தாங்கள்.

— வெக்கமில்லையோ உனக்கு? அந்த மஞ்சள் மிதக்கும், இது மிதக்காது எண்டு எனக்குப் பாடம் எடுத்தனீ.

— பேசுங்கோ. நல்லாப் பேசுங்கோ. ஆனா அந்த மேசையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

— என்னைத் தொடாதை. நான் விழமாட்டன். அண்டைக்கே விழாதவள். இப்ப சொல்லு. கேள்வி உனக்குத் தெரியும்தானே. இருட்டில கரை எண்டு நினைச்சுப் பிழைவிட்டிட்டன் எண்டு ஒரு சொல் சொல்லு. உன்னை மன்னிக்கமாட்டன். ஆனா கோயிலில சொல்லுறதை நிப்பாட்டுறன். உனக்குப் பிள்ளையள் இருக்கெல்லே?

— ஒரு மகள். அட்சயா. ஏழு வயசு.

— அவளுக்காகவாவது சொல்லு.

— அப்பிடிச் சொல்ல எனக்கும் விருப்பம்தான் அக்கா. இவ்வளவும் கேட்டாப்பிறகு பொய் வாயில வருகுதில்லை. தெரியும். அது திட்டெண்டு தெரிஞ்சுதான் இறக்கினனான். பதினொரு வயசில இருந்து அந்தக் கடலில வலை இழுத்தவன், எனக்குத் தெரியாத திட்டில்லை.

— பாவி. தெரிஞ்சுகொண்டு.

— ரெண்டு பக்கத்தாலயும் நேவியின்ர லைற் வந்தது. கரைக்குப் போகேலாது. திரும்புவம், ரெண்டு நாள் கழிச்சு வருவம் எண்டனான். ஒத்துக்கொள்ளேல்ல. விடிய இந்தியன் வள்ளங்கள் அந்தத் திட்டுப் பக்கம் கட்டாயம் வரும், கண்டா ஏத்துவாங்கள். ஒவ்வொரு நாளும் வாறவங்கள். அதை நம்பித்தான் விட்டனான். அந்த ரெண்டு நாளும் ஏன் வரேல்ல எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

— உன்ர நம்பிக்கையைக் கொண்டுபோய் உன்ர மாதாவுக்குச் சொல்லு. திட்டெண்டு தெரிஞ்சா ஏன் கரை எண்டு பொய் சொன்னனீ? திட்டெண்டு சொல்லியிருந்தா, ஆமி பிடிச்சாலும் பிடிக்கட்டும் எண்டு பிள்ளையோட மன்னாருக்கே திரும்பியிருப்பன். திட்டெண்டு தெரிஞ்சா நான் இறங்கியிருப்பனே?

— வேண்டாம் அக்கா. காணும். வீட்டை போங்கோ.

— கேட்டதுக்கு மறுமொழி சொல்லு. இறங்கியிருப்பனே?

— உதையேதான் அண்ணையும் சொன்னவர் அக்கா. திட்டெண்டு தெரிஞ்சா அவள் இறங்கமாட்டாள், கரை வந்திட்டுது எண்டு நான் போய்ச் சொல்லுறன், நீ வாயைத் திறவாதை எண்டு.