நோட்டரி வீட்டு அக்ரூட்

ஒர்த்தான்ஸ்: ...முதல்ல அந்தச் சமையக்கட்டுக் கதவைச் சாத்துங்க. அவன் காதுல விழுந்துடப் போகுது.

அனத்தோல்: அவன் காதுலயா? அக்ரூட் உடைக்கிற சத்தத்துல அவனுக்குச் சர்ச் மணியே கேக்காது.

ஒர்த்தான்ஸ்: இன்னுமா தின்னுக்கிட்டு இருக்கான்?

அனத்தோல்: ரெண்டாவது கிண்ணம். ‘உங்க வீட்டு அக்ரூட் ருசியே தனி, நோட்டரி ஐயா’ன்னு பாராட்டு வேற.

ஒர்த்தான்ஸ்: கடவுளே! பொண்ணு கேட்டு வந்தவனுக்குச் சாப்பாடு முடிஞ்சதும் அக்ரூட் வச்சா என்னங்க அர்த்தம்? ‘உனக்குப் பொண்ணு கிடையாது, தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு’ன்னுதானே? இந்த ஊர்க் கழுதைக்குக்கூடத் தெரியும்!

அனத்தோல்: தெரியும். ஆனா கழுதை, இன்னும் கொஞ்சம் வைங்கன்னு கேக்காது.

ஒர்த்தான்ஸ்: போன ஞாயித்துக்கிழமையும் வச்சேன். அதுக்கு முந்தியும் வச்சேன். ஓடுகளை மட்டும் மிச்சம் வச்சுட்டு, அடுத்த வாரம் வர்றேங்கிறான்!

அனத்தோல்: ‘இல்லை’ன்னு நேராச் சொல்லிடேன்.

ஒர்த்தான்ஸ்: வாயாலயா? இது என்ன மாட்டுச் சந்தையா? மரியாதையான குடும்பத்துல யாருங்க வாயால...

சிடோனி: அம்மா... கிண்ணம் காலி. பெர்த்ராங் இன்னும் கொஞ்சம் கேக்கறார்.

ஒர்த்தான்ஸ்: ‘கேக்கறான்’னு சொல்லுடி. பீப்பாய் செய்யறவன் மகனுக்கு ‘ர்’ ஒரு கேடா?

சிடோனி: ஜில்லா ஆபீஸ்ல குமாஸ்தாம்மா அவர். சீக்கிரம் தலைமைக் குமாஸ்தா ஆயிடுவார்.

ஒர்த்தான்ஸ்: மந்திரியே ஆகட்டும். கிட்டப் போனா மரத்தூள் நாத்தம்.

அனத்தோல்: நம்ம வீட்டு ஒயின் மொத்தமும் அவங்கப்பன் பீப்பாய்லதான் கிடக்கு. குடிக்கும்போது உனக்கு நாறலையே.

ஒர்த்தான்ஸ்: நீங்க சும்மா இருங்க. மாளிகைச் சீமாட்டியோட தம்பி மகன் இருக்கார் பாருங்க... பேருக்கு முன்னாலயே பிரபு வம்சத்து ‘த’! த மொன்ரவேல்! ‘சிடோனி த மொன்ரவேல்’... சொல்றப்பவே நாக்கு இனிக்குது.

அனத்தோல்: ‘த’ இருக்கு. தலைக்கு மேல கூரைதான் இல்லை. போன மழைக்குச் சீமாட்டி குடையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கினாங்களாம். விடிஞ்சு பார்த்தா கட்டில் வாசல்ல மிதந்து நின்னுதாம்.

ஒர்த்தான்ஸ்: பரம்பரைக் கட்டில்னா மிதக்கும்! சிடோனி, பரண்ல மூட்டை இருக்கு. இறக்கு. இன்னிக்கு அவன் வயிறு வெடிக்கிற வரைக்கும் வைக்கிறேன்.

சிடோனி: பார்த்துட்டேம்மா... மூட்டைக்குள்ள வைக்கோல்தான் இருக்கு.

ஒர்த்தான்ஸ்: வைக்கோலா!

சிடோனி: எலி... வந்து...

அனத்தோல்: தின்னதுக்கு ஈடா வைக்கோலை அடைச்சு, மூட்டை வாயையும் தைச்சு வச்சுட்டுப் போயிருக்கு. நாணயமான எலி.

ஒர்த்தான்ஸ்: ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பாருங்க.

அனத்தோல்: ...சரி. எலி நான்தான். எண்ணெய்ச் செக்குக்கு அனுப்பிட்டேன்.

சிடோனி: தைச்சது நான்.

ஒர்த்தான்ஸ்: அட பாவிங்களா! அக்ரூட் இல்லேன்னா அவனுக்கு இனிப்புதானே வைக்கணும்! இனிப்பு வச்சா...

சிடோனி: சம்மதம்னு அர்த்தம். அவருக்கும் தெரியும்மா. மொத நாள்லேருந்தே தெரியும். அக்ரூட்டைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். வீட்டுல இருக்கறது தீர்ந்துட்டா வேற வழியில்லாம நீ இனிப்பு வைப்பேன்னுதான்... கண்ணை மூடிக்கிட்டு முழுங்கறார்.

ஒர்த்தான்ஸ்: எனக்காடி வழியில்ல? ரொட்டிக்கடைக்காரிகிட்ட ஒரு கூடை கடன் வாங்கறேன் பாரு!

அனத்தோல்: வாங்கு. ‘வீட்டுக்கு யாரு வந்திருக்கா?’ன்னு கேப்பா. சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா சொல்லிடுவா, பீப்பாய்க்காரன் மகன் நோட்டரி வீட்டுல வாராவாரம் விருந்தாளின்னு.

ஒர்த்தான்ஸ்: ஐயோ, அவ வேண்டாம்.

அனத்தோல்: அப்ப மாளிகைக்கு ஆள் விடறேன். அங்க அக்ரூட் தோப்பே இருக்கு. சம்பந்தியாகப் போறவங்க, ரெண்டு கை அள்ளித் தர மாட்டாங்களா?

ஒர்த்தான்ஸ்: அங்க வேண்டாம்.

அனத்தோல்: ஏன்?

ஒர்த்தான்ஸ்: வேண்டாம்னா விடுங்களேன்.

அனத்தோல்: என்னடி இது! வியாழக்கிழமைதான் சம்பந்தம் பேசப் போய் விருந்து சாப்பிட்டுட்டு வந்தே. ‘சீமாட்டி தன் கையாலயே பரிமாறினாங்க’ன்னு சொல்லிச் சொல்லி என் காதைத் துளைச்சே...

ஒர்த்தான்ஸ்: பரிமாறினாங்கதான்.

சிடோனி: கடைசியா என்னம்மா வச்சாங்க? அதை மட்டும் நீ சொல்லவே இல்லையே...

ஒர்த்தான்ஸ்: ...அந்தப் பிளம் கேக்கை எடுடி. பெரிய துண்டா வெட்டு.

அனத்தோல்: ஒர்த்தான்ஸ்... கேக் வச்சுட்டா அப்புறம் பேச்சு மாற முடியாது, யோசிச்சுக்க.

ஒர்த்தான்ஸ்: யோசிச்சாச்சு. பாவம், அந்தப் புள்ள வயிறு என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும். மாளிகையில இருந்த அக்ரூட் பூராவும் அன்னிக்கு என் தட்டுலதான் கொட்டினாங்க... நானும் ஒண்ணும் புரியாதவ மாதிரி, ஒரு பருப்பு விடாம தின்னுட்டுத்தான் எழுந்து வந்தேன்.